பஞ்சு வெள்ளையா இருக்கா?

எங்க வீட்டுக்காரரு என்கிட்ட முதமுதல்ல பேசின வார்த்தை, "உங்க சைக்கிளை எடுங்க." வணக்கமும் இல்ல, பேரு என்னன்னு ஒரு கேள்வியும் இல்ல. ஒரு கார் ரிப்பேர் பட்டறையில டெலிபோன் எடுக்குற வேலைக்கு நான் சேர்ந்த முதல் நாள் அது. சைக்கிளை எங்க விடுறதுன்னு தெரியாம, ஓரமா நின்ன ஒரு கறுப்புக் காருக்குப் பக்கத்துல விட்டிருந்தேன். சாய்க்கக்கூட இல்ல, நடுவுல ஒரு சாண் இடைவெளி இருந்துச்சு. உள்ளேயிருந்து ஓடி வந்தாரு. சைக்கிளைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி அந்தப் பக்கம் வச்சாரு. குனிஞ்சு கார் கதவையே மேலும் கீழும் பார்த்தாரு. "ஒண்ணும் ஆகலைங்க"ன்னு சொன்னேன். "அதை நான் சொல்லணும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. இந்த மனுஷனை எவ கட்டிக்கிட்டு மாரடிக்கப் போறாளோன்னு அன்னைக்கு நினைச்சேன். வேற யாரு, நான்தான்.

பட்டறையில அவரை எல்லாரும் பாலிஷுன்னுதான் கூப்பிடுவாங்க. நசுங்கின தகடை நிமிர்த்தி, பெயிண்டர் பெயிண்ட் அடிச்சு முடிச்ச பிறகு, கடைசியா வண்டி இவரு கைக்கு வரும். இருபத்திரண்டு வருஷம் அதே வேலை. அப்புறம் முதலாளிக்கு வயசாயிடுச்சுன்னு பட்டறையை மூடிட்டாங்க. இவரு ஒரு மெஷின், நாலு டப்பா மெழுகு, ஒரு மூட்டைத் துணியோட வீட்டுக்கு வந்து சேர்ந்தாரு. எங்க வீட்டு முன்னாடி ஒரு கார் நிக்கிற அளவுக்கு ஷெட் உண்டு. காரே இல்லாத நமக்கு எதுக்குங்க ஷெட்டுன்னு குடிவரும்போதே கேட்டேன், "பேசாம வா"ன்னாரு. அடுத்த பதினஞ்சு வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது அந்த ஷெட்டுதான்.

ஷெட்டுக்குள்ள போகணும்னா ஆயிரத்தெட்டு சட்டம். மோதிரம் கூடாது, வாட்ச் கூடாது, பெல்ட்டு கூடாது. நான் டீ கொண்டுபோகணும்னாகூட வளையலைக் கழட்டி வச்சுட்டுத்தான் போகணும். சோப்புத் தண்ணிக்கு ஒரு வாளி, அழுக்குத் துணியை அலச வேற வாளி. ரெண்டையும் மாத்தி வச்சுட்டா அன்னைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வச்சுக்குவாரு. வண்டி துடைக்கிற துணி ஒரு தடவை தரையில விழுந்துட்டா அது அவரைப் பொறுத்தவரைக்கும் செத்துப்போன துணி. மண்ணு ஒட்டியிருக்கும், துடைச்சா கோடு விழும்னு அதை என் அடுப்படிக்குத் தள்ளி விட்டுருவாரு. ஊர்ல இல்லாத உசத்தித் துணியில நான் கரிப்பானை பிடிச்சு இறக்கியிருக்கேன். அப்புறம், எதையும் வட்டமாத் துடைக்கக் கூடாது, நேர்கோட்டுலதான் துடைக்கணும். வட்டமாத் துடைச்சா வெயில்ல சிலந்தி வலை மாதிரி தெரியுமாம். நான் சாப்பாட்டு மேசையை வட்டமாத் துடைச்சேன்னா போதும், தட்டுல வச்ச கையை அப்படியே நிறுத்திட்டு என்னைப் பார்ப்பாரு. "இது மேசைங்க! இதை யாரும் வெயில்ல கொண்டுபோய் வச்சுப் பார்க்க மாட்டாங்க!"ன்னு கத்துவேன். எங்க மகள் கல்யாணமாகிப் போறதுக்கு முன்னாடி சொல்லுவா, "அம்மா, நான் ஒரு காரா பொறந்திருந்தா அப்பா என்னைத் தினமும் தொட்டுப் பார்த்திருப்பாரு"ன்னு.

தொட்டுப் பார்க்குறதுன்னா சும்மா இல்ல. கழுவி முடிச்ச வண்டிமேல, மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில மாட்டிக்கிட்டுத் தடவுவாரு. வெறுங்கைக்குத் தெரியாத சொரசொரப்பெல்லாம் கவர் மாட்டின கைக்குத் தெரியும். நம்பாம நானும் ஒருநாள் பண்ணிப் பார்த்தேன், நிஜந்தான்.

அவரு வாய் ஓயாம பேசுறது ஒரே ஒரு விஷயத்தைப் பத்தித்தான். வண்டியோட நிறத்துக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும், கிளியர் கோட்டுன்னு சொல்லுவாங்க. வெயிலையும் மழையையும் பறவை எச்சத்தையும் அதுதான் தாங்குது. பளபளப்பும் அதுலதான் இருக்கு. ஆனா காகிதத்தை விட மெல்லிசு. ஒவ்வொரு தடவை மெஷின் போட்டு பாலிஷ் பண்ணும்போதும் அதுல கொஞ்சம் தேயும். விழுந்த கீறலை எடுக்கணும்னா கீறலைச் சுத்தி இருக்குறதையும் தேய்ச்சுத்தானே ஆகணும்? அதனால வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாரு: "அடிக்கடி பாலிஷ் கேட்காதீங்க. போனது போனதுதான், திரும்ப வராது. மிச்சம் இருக்குறதைக் காப்பாத்துங்க. ஒழுங்காக் கழுவி, மெழுகு போட்டு, நிழல்ல நிறுத்தினா போதும்." தேடி வர்ற வேலையை இப்படித் திருப்பி அனுப்புற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? நான் தினமும் பார்த்தேன்.

மெஷினோட முனையில வட்டமா ஒரு நுரைப் பஞ்சு மாட்டியிருக்கும். வெள்ளை நிறம். அதுதான் சுத்திச் சுத்தித் தேய்க்கும். ஒரு தடவை ஓட்டி முடிச்சதும் மெஷினைத் திருப்பிப் பஞ்சைப் பார்ப்பாரு. வெள்ளையா இருந்தா நல்லது. அதுல வண்டியோட கலர் வந்துட்டா கிளியர் கோட்டு போச்சு, பெயிண்டுல கை வச்சாச்சுன்னு அர்த்தம். பெரிய பெரிய ஆளுங்களுக்கெல்லாம் வந்திருக்கு. இவருக்கு ஒரு நாளும் வந்ததில்ல. "எனக்கு ஒருநாள் பஞ்சுல கலர் வந்துச்சுன்னா அன்னைக்கே மெஷினைக் கீழ வச்சுருவேன்"னு சொல்லுவாரு. கல்யாணமான புதுசுலேயும் சொன்னாரு, தலை நரைச்ச பிறகும் சொன்னாரு.

போன வருஷத் தொடக்கத்துல இருந்து பொருளெல்லாம் தட்டிவிட ஆரம்பிச்சாரு. பக்கத்துல வச்ச டம்ளர், காலடியில இருக்குற வாளி, பாதி திறந்த கதவு. நேரா இருக்குறதுல எல்லாம் ஒண்ணும் குறை இல்ல, பக்கவாட்டுல இருக்குறதைத்தான் இடிப்பாரு. நான் சும்மா இருப்பேனா? "கண்ணை எங்க அடகு வச்சுட்டு வந்தீங்க?"ன்னு கேட்பேன். "காருக்குத்தான் கண்ணு, பொண்டாட்டி வச்ச டம்ளருக்கு இல்லையா?"ன்னு கேட்பேன். அவரு சிரிச்சுட்டு டம்ளரை எடுத்து வைப்பாரு. நான் கேட்டதை எல்லாம் இப்போ நினைச்சா நாக்கைப் பிடுங்கிக்கலாம்னு இருக்கு.

அப்புறம் ஒருநாள் மருந்துக்கடைக்குப் போனேன், எனக்குத் தலைவலி மாத்திரை வாங்க. அந்தக் கடைக்காரரு எங்களுக்குப் பழக்கம். அவரோட அடர்சிவப்புக் காரை ஒன்பது வருஷமா இவருதான் பார்க்குறாரு. மாத்திரையைக் கவர்ல போட்டுக்கிட்டே சாதாரணமாக் கேட்டாரு, "அண்ணி, அண்ணனுக்குக் கண்ணு சொட்டு மருந்தை இப்போ வேற கடையில வாங்குறீங்களா? நம்ம கடைக்கு வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சே."

"என்ன சொட்டு மருந்து?"

அவரு முகம் மாறிப்போச்சு. எனக்குத் தெரியாதுன்னு அவருக்குத் தெரியல பாவம். "கண்ணுல அழுத்தம்னு டாக்டரம்மா எழுதிக் கொடுத்தாங்களே... தினமும் விடணும்னு..." அப்படியே மென்னு முழுங்கினாரு.

வீட்டுக்கு எப்படி வந்தேன்னு தெரியல. அவரு குளிச்சுட்டு இருந்தாரு. நேரா ஷெட்டுக்குப் போனேன், வளையலைக்கூடக் கழட்டல. அலமாரியில மெழுகு டப்பா, பாலிஷ் டப்பா எல்லாத்தையும் திறந்து பார்த்தேன். பழைய மெழுகு டப்பா ஒண்ணுல இருந்துச்சு. அஞ்சு பாட்டில், கட்டைவிரல் அளவு. நாலுக்கு சீல்கூட உடைக்கல. டாக்டர் சீட்டு மடிச்சு அடியில கிடந்துச்சு. அதுல இருந்த தேதிக்கு மூணு வருஷம் ஆகியிருந்துச்சு.

தலையைத் துவட்டிக்கிட்டே வந்தவரு முன்னாடி அஞ்சையும் மேசையில வரிசையா வச்சேன். "இது என்ன?"

கையில இருந்த துண்டை நாற்காலியில போட்டாரு. அப்புறம் சொன்னாரு: "அதை விட்டா ஒரு மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாத் தெரியுது. கோடு எதுவும் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. வேலை இருக்குற நாள்ல எப்படி விடுறது?"

"வேலை இல்லாத நாள் எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"ஞாயித்துக்கிழமை விட்டேன்."

"ஞாயித்துக்கிழமை!" எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "ஊரான் வண்டிக்கு நிழல்ல நிறுத்து, மெழுகு போடுன்னு வாய் கிழியச் சொல்றீங்களே, உங்க கண்ணுக்கு யாருங்க சொல்றது? ஒரு சொட்டு! தினமும் ஒரு சொட்டு! அதை விட என்ன கேடு உங்களுக்கு? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கையைக் காலைக் கட்டிப்போட்டாவது விட்டிருப்பேனே!"

"வலி இல்ல. வலி இருந்திருந்தா விட்டிருப்பேன்"னு சின்னக் குரல்ல சொன்னாரு. நான் உட்கார்ந்து அழுதேன். அவரு அந்தப் பாட்டிலை எல்லாம் எடுத்து ஒவ்வொண்ணா என் பக்கம் நகர்த்தி வச்சாரு.

டாக்டரம்மா நல்லவங்க, திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். வலது கண்ணு கிட்டத்தட்டப் போயிடுச்சு, இடது கண்ணு ஒரு குழாய் வழியாப் பார்க்குற மாதிரிதான் தெரியும், அதுவும் சுருங்கிட்டே வருதுன்னு சொன்னாங்க. ஆபரேஷன் பண்ணிக் கொண்டு வர முடியாதான்னு நான் கேட்டேன். "போனது போனதுதான்மா, திரும்ப வராது. மிச்சம் இருக்குறதைக் காப்பாத்தப் பார்க்கலாம்"னாங்க. நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டுக்கு அவரு கையை நீட்டினாரு, கை சீட்டுக்கு ஒரு விரல்கடை தள்ளிப் போய் நின்னுச்சு. நான் வாங்கி அவரு கையில வச்சேன்.

அதுக்கப்புறம் ஒரு வாரம் ஷெட்டுல வாளியைக் கவிழ்த்துப் போட்டு, காலி இடத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்தே இருந்தாரு. சாப்பிடக் கூப்பிட்டா வருவாரு, ரெண்டு வாய் வச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு. குளிக்கச் சொன்னா குளிப்பாரு. பேச்சு இல்ல. முப்பது வருஷத்துக்கு மேல இவரோட வாயை மூட முடியலையேன்னு புலம்பினவ நான், அந்த ஒரு வாரத்துல ஒரு சண்டையாவது போட மாட்டாரான்னு ஏங்கிட்டேன். மெஷினை எடுத்துட்டா இந்த மனுஷன் உயிரோட இருக்க மாட்டாருன்னு எனக்கு அப்போ பட்டுச்சு. அந்தப் பயம் அதுக்கப்புறம் என்னை விடவே இல்ல.

எட்டாம் நாள் வளையலைக் கழட்டி வச்சுட்டு ஷெட்டுக்குப் போனேன். "இந்தாங்க, என் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. எதைப் பார்க்கணும்னு சொல்லுங்க, பார்த்துச் சொல்றேன். உங்களுக்குக் கை இருக்குல்ல?"

தலையைத் தூக்கிப் பார்த்தாரு. "நீயா? மேசையையே வட்டமாத் துடைக்கிறவ நீ"ன்னாரு. அந்த வாரத்துல அவரு பேசின முதல் முழு வாக்கியம் அதுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு.

கத்துக்கிட்டேன். விளக்கை நேராப் பிடிக்கக் கூடாது, சாய்ச்சுப் பிடிச்சாத்தான் கோடு தெரியும்னு கத்துக்கிட்டேன். ஓரத்துல, மடிப்புல எல்லாம் கிளியர் கோட்டு இன்னும் மெல்லிசா இருக்கும், அங்க டேப் ஒட்டிட்டுத்தான் மெஷினை ஓட்டணும்னு கத்துக்கிட்டேன். காலையில எந்திரிச்சதும் முதல் வேலையா அவரு கண்ணுல சொட்டு விடுவேன், மங்கல் போகுற வரைக்கும் ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டு உட்கார்ந்திருப்போம். அப்புறம் வேலை. "இடது பக்கம், கைப்பிடிக்குக் கீழ, மூணு கோடு"ன்னு நான் சொல்லுவேன், அவரு கை போய்ச் சரியா அங்க நிக்கும். ஒவ்வொரு தடவை மெஷினை நிறுத்தும்போதும் பஞ்சை என் பக்கம் திருப்பிக் காட்டி, "வெள்ளையா இருக்கா?"ன்னு கேட்பாரு. "உங்க மனசு மாதிரி இருக்கு"ன்னு ஒருநாள் சொன்னேன். "விளையாட்டு இல்ல, ஒழுங்காச் சொல்லு"ன்னாரு. அதுல இருந்து ஒழுங்காத்தான் சொன்னேன். ஆறு மாசம் அப்படி ஓடுச்சு. உண்மையைச் சொன்னா, எங்க ரெண்டு பேருக்கும் அதுதான் நல்ல காலம். அவ்வளவு வருஷத்துல அவரு பக்கத்துல முழுநாளும் நின்னது அப்போதான்.

அந்த ஆறு மாசத்துலேயே குழாய் இன்னும் சுருங்கிடுச்சு. எதையும் நல்ல வெயில்ல, இடது கண்ணுக்கு ஒரு சாண் கிட்ட கொண்டுபோனாத்தான் தெரியும். வெளியில யாருக்கும் சொல்லல. டாக்டரம்மாவை விட்டா எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். மருந்துக்கடைக்காரருகூட, சொட்டு விட்டா எல்லாம் சரியாயிடும்னுதான் நினைச்சிருந்தாரு.

அப்போதான் மருந்துக்கடைக்காரரு அந்தச் சிவப்புக் காரைக் கொண்டு வந்தாரு. முகமே சரியில்ல. கார் முன்மூடிமேல, அதான் பானெட்டுமேல, பறவை எச்சம் காய்ஞ்சு கிடந்திருக்கு. அவரு மனைவி வீட்டுக்காரருக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்துத் தேய்ச்சு விட்டிருக்காங்க. உள்ளங்கை அகலத்துக்குப் புகை மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. "அவளை ஒண்ணும் சொல்ல முடியலண்ணே, நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணியிருக்கா"ன்னாரு.

இவரு கையில கவரை மாட்டிக்கிட்டு அந்த இடத்தைத் தடவினாரு. ரொம்ப நேரம் தடவினாரு. "ஒன்பது வருஷமா இதுல வேலை பார்த்திருக்கேன். நாலு தடவை மெஷின் ஓட்டியிருக்கேன். இனிமே எடுக்க இதுல ஒண்ணும் இல்லன்னு போன வருஷமே சொன்னேன்ல?"ன்னாரு.

"சொன்னீங்கண்ணே. உங்களால எவ்வளவு முடியுமோ அவ்வளவு பண்ணுங்க. நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை"ன்னு சாவியைக் கொடுத்துட்டு அவரு கடைக்குப் போயிட்டாரு.

மறுநாள் காலையில ஆரம்பிச்சோம். இவரு என்னைக் கூப்பிட்டு நேரா நிக்க வச்சுச் சொன்னாரு: "இன்னைக்கு ரொம்பக் கவனம். முழுசாப் போக்க முடியாது, பாதியாவது குறைக்கலாம். மெல்ல மெல்ல ஓட்டுவேன். ஒவ்வொரு தடவையும் பஞ்சைப் பார்த்துச் சொல்லு. லேசா நிறம் மாறினாக்கூடச் சொல்லு. அதோட நிறுத்திடுவோம்."

முதல் தடவை, வெள்ளை. ரெண்டாவது தடவை, வெள்ளை. புகை கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, சொன்னேன். அவரு முகத்துல ஒரு தெளிவு வந்துச்சு.

மூணாவது தடவை மெஷினை நிறுத்தி என் பக்கம் திருப்பினாரு. பஞ்சோட ஓரத்துல, நகத்தளவுக்கு, ரோஜா நிறத்துல ஒரு பட்டை இருந்துச்சு.

"வெள்ளையா இருக்கா?"

நான் பார்த்துக்கிட்டே நின்னேன். அந்தக் கவிழ்த்துப் போட்ட வாளி ஷெட்டு மூலையிலதான் இருந்துச்சு. பஞ்சுல கலர் வந்தா மெஷினைக் கீழ வச்சுருவேன்னு முப்பது வருஷமாச் சொன்ன ஆளு, சொன்னா செய்யுற ஆளு. நாளைக்கு அந்த வாளியில போய் உட்கார்ந்துருவாரு. நாளான்னைக்கும் உட்காருவாரு. அப்புறம் எந்திரிக்கவே மாட்டாரு. எனக்கு வேற எதுவும் தோணல. காரைப் பத்தித் தோணவே இல்ல.

"வெள்ளையாத்தாங்க இருக்கு."

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேங்க. போதும், நிறுத்திக்கலாம். பளபளன்னு இருக்கு."

"போதுமா இல்லையான்னு நான் சொல்றேன். கையில இன்னும் தட்டுது. நீ பஞ்சு வெள்ளையா இல்லையான்னு மட்டும் சொல்லு."

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷத்துலகூட சொல்லியிருக்கலாம். நகத்தளவோட போயிருக்கும். "வெள்ளை"ன்னு சொன்னேன்.

"அப்போ இன்னொரு தடவை போகலாம்"னு மெஷினை வச்சாரு. என் வார்த்தையை நம்பி, முன்ன விட ஒரு மடங்கு அழுத்தி வச்சாரு. நான் "என்னங்க"ன்னு கத்துறதுக்குள்ள சிவப்பு தெறிச்சு அவரு சட்டையில விழுந்துச்சு. அவருக்கு அது தெரியல. மெஷின் சத்தத்துல நான் கத்தினதும் கேட்கல. கையைப் பிடிச்சு இழுத்தேன். அதுக்குள்ள உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு போயி, அடியில இருக்குற சாம்பல் நிறம் தெரிஞ்சுச்சு.

மெஷினை நிறுத்தினாரு. கவரைக் கையில மாட்டி அந்த இடத்தைத் தடவினாரு. விரல் ஒரு இடத்துல நின்னுச்சு, திரும்பப் போச்சு, திரும்ப நின்னுச்சு. அப்புறம் பஞ்சைக் கழட்டி வெயிலுக்கு எடுத்துட்டுப் போய், இடது கண்ணுக்கு ஒட்டினாப்ல பிடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

"எப்போ இருந்து?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. "மூணாவது தடவையில இருந்து"ன்னேன்.

சரின்னு தலையை ஆட்டினாரு. அவ்வளவுதான். கத்துவாரு, கையில இருக்குறதைத் தூக்கி எறிவாருன்னு காத்துக்கிட்டு நின்னேன். வாளியில தண்ணி பிடிச்சுப் பஞ்சைக் கழுவினாரு. பிழியப் பிழியச் சிவப்பாவே வந்துச்சு.

சாயங்காலம் மருந்துக்கடைக்காரரு வந்தாரு. முன்மூடியைப் பார்த்துட்டு அப்படியே நின்னுட்டாரு. நான் முன்னாடி போய், "தம்பி, தப்பு என்மேல, நான்தான்..."னு ஆரம்பிச்சேன். இவரு நடுவுல பூந்து, "நீ உள்ள போ"ன்னாரு. நான் போகல. "என் கை தவறிடுச்சு தம்பி. இதுக்கு இனிமே பாலிஷ் உதவாது, புதுசாப் பெயிண்ட்தான் அடிக்கணும். எனக்கு ஒரு வருஷமாக் கண்ணு தெரியல. தெரியாமலேயே வேலை பார்த்துட்டு இருந்தேன்"னாரு.

ஊருக்கே தெரியாம மறைச்சு வச்சிருந்ததை அந்த ஒரு நிமிஷத்துல போட்டு உடைச்சாரு, என்னைக் காப்பாத்துறதுக்காக. கடைக்காரரு அவரு கையைப் பிடிச்சுக்கிட்டு, "விடுங்கண்ணே, தகரம்தானே"ன்னாரு. தகரம்னு ஒருத்தர் சொல்லி இவரு சும்மா இருந்ததை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

கார் போன பிறகு உள்ள வந்து மேசைக்கு முன்னாடி உட்கார்ந்தாரு. நான் எதிர்ல உட்கார்ந்தேன். "திட்டுங்க. அடிக்கக்கூட அடிங்க. நீங்க மறுபடியும் அந்த வாளியில போய் உட்கார்ந்துருவீங்கன்னு பயந்துட்டேன்"னு அழுதேன்.

"தெரியும்"னாரு. ரொம்ப நிதானமாப் பேசினாரு. "சொல்லியிருந்தா மெஷினைத்தான் விட்டிருப்பேன். அது எப்படியும் விட வேண்டியதுதான், எனக்குத் தெரியாதா? ஆனா மெஷின் போனாலும் உன் கண்ணு இருக்குன்னு நினைச்சிருந்தேன். அதை வச்சு மிச்ச நாளை ஓட்டிடலாம்னு இருந்தேன்."

அஞ்சு பாட்டிலை ஒளிச்சு வச்சதுக்கு அவரை அந்தப் பாடு படுத்தினவ நான். அதே காரியத்தைத்தான் நானும் செஞ்சேன்.

மெஷினைத் துடைச்சுப் பெட்டியில வச்சு மூடிட்டாரு. நான் பயந்த மாதிரி வாளியில உட்காரல. அதுதான் கொடுமை. சாப்பிடுறாரு, குளிக்கிறாரு, ரேடியோ கேட்குறாரு, மகள் போன் பண்ணினா நல்லாத்தான் பேசுறாரு. இடது கண்ணுல இப்போ வெளிச்சம் இருக்கா இல்லையாங்கிற அளவுக்குத்தான் தெரியுது. என்மேல கோபமும் கிடையாது. இருந்தா எனக்குத் தெரியாதா, அவரு கோபத்தோட முப்பது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தினவ நான்.

ஆனா கேட்டைப் பூட்டிட்டேன்னு நான் சொன்னா, மெல்ல எந்திரிச்சு சுவரைப் பிடிச்சுக்கிட்டே போய், பூட்டைத் தொட்டுப் பார்த்துட்டு வர்றாரு. டீ ஆறிடுச்சுங்க, குடிங்கன்னா, டம்ளர்ல விரல் வச்சுப் பார்க்குறாரு. படி இருக்கு, பார்த்து வைங்கன்னு சொன்னா, தலையை ஆட்டிட்டு, காலால துழாவித்தான் வைக்கிறாரு. வேணும்னு செய்யல. செய்யுறதுகூட அவருக்குத் தெரியாது.

தினமும் காலையில அவரை நாற்காலியில உட்கார வச்சு, தலையைச் சாய்ச்சு, சொட்டு விடுறேன். இனிமே அதுல பெரிசா ஒண்ணும் இல்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க, இருந்தாலும் விடுறேன். ஒரு நாள்கூடத் தவறினது கிடையாது. "விழுந்துச்சா?"ன்னு கேட்பாரு. "விழுந்துச்சுங்க"ன்னு சொல்லுவேன். நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவரு விரல் கன்னத்துக்குப் போய், ஈரம் இருக்கான்னு தொட்டுப் பார்த்துக்கும்.